தங்கச்சிக்கு எதைச் சேர்ப்பது: ஓ.டி. டெக்னீஷியனா, நர்சிங்கா?

வாழப்பாடிக்காரன்

வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். உயிரியல் பிரிவு, 600-க்கு 462. அரசுப் பள்ளி, தமிழ் வழி. நீட் எழுதவில்லை. ஆஸ்பத்திரி வேலைதான் என்று பத்தாவது படிக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அதனால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே வந்திருக்கிறேன்.

பெரியப்பா மகன் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். "ஓ.டி. படிப்பு படிக்கச் சொல்லு, பீ மூத்திரம் அள்ள வேண்டியதில்லை, ஏ.சி.யில் வேலை" என்கிறார். அம்மாவுக்கு நர்ஸ் என்றால்தான் மதிப்பு. பக்கத்து ஊரில் ஒரு நிறுவனம் "ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமா, 100% வேலை" என்று போர்டு வைத்திருக்கிறது. போய்க் கேட்டோம். அட்வான்ஸ் கட்டி ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் சீட் உறுதி என்றார்கள்.

இந்த மூன்றில் எது சரி? சம்பளம், அரசு வேலை, வெளிநாடு எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லுங்கள்.

வார்டு அக்கா

தம்பி, முதலில் அந்த ஒரு வருஷ டிப்ளமாவை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் பிறகு பேசலாம்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நம்ம ஊரில் சட்டப்படி நர்சிங் என்றால் மூன்று வழிதான். ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டு வருஷம், டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். டி.ஜி.என்.எம். முன்பு மூன்றரை வருஷமாக இருந்தது, பிறகு குறைத்தார்கள். இந்தப் படிப்புகளை முடித்தால்தான் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு கிடைக்கும். 1926-ம் வருஷத்துச் சட்டத்தில் வந்த கவுன்சில் அது. அந்தப் பதிவு எண் இல்லாதவர் எத்தனை வருஷம் ஊசி போட்டிருந்தாலும் நர்ஸ் கிடையாது.

ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு அறக்கட்டளை பெயரில் கொடுக்கிற நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட் சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்சிலில் பதிய முடியாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுத முடியாது. வெளிநாட்டுக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. சின்ன நர்சிங் ஹோமில் குறைந்த சம்பளத்துக்கு ராத்திரி பகலாக நிற்கிற பெண்கள் பாதிப்பேர் இப்படிச் சேர்ந்தவர்கள்தான். வேலை நன்றாகத் தெரியும், கை சுத்தமாக இருக்கும். ஆனால் பத்து வருஷம் கழித்தும் அதே இடம், ஏறக்குறைய அதே சம்பளம். அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பச்சை அங்கி

அக்கா சொன்னதில் முதல் பாதிக்கு நானும் கைதூக்குகிறேன். ஓ.டி. படிப்பிலும் இதே ஏமாற்று உண்டு. வாரம் இரண்டு நாள் வகுப்பு, அஞ்சல் வழி, ஆறு மாதம் என்று என்னென்னவோ விற்கிறார்கள். பார்க்க வேண்டிய படிப்புகள் இரண்டு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி, மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்பும். இன்னொன்று அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கிற ஒரு வருஷ தியேட்டர் டெக்னீஷியன் சான்றிதழ் படிப்பு. எம்.ஆர்.பி. தியேட்டர் அசிஸ்டென்ட் பணிக்கு ஆள் எடுக்கும்போது கேட்பது இந்தச் சான்றிதழைத்தான்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்ன "ஏ.சி.யில் வேலை"க்கு வருகிறேன். மதுரையில் நடுத்தரமான ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் முதல் வேலை மயக்க மருந்து கொடுக்கிற பாயில்ஸ் மெஷினைச் சரிபார்ப்பது. ஆக்சிஜன் பிரஷர், சிலிண்டர் பேக்கப், சர்க்யூட்டில் லீக் இருக்கிறதா, கரியமில வாயுவை உறிஞ்சுகிற சோடாலைம் நிறம் மாறியிருக்கிறதா, லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா. இதில் ஒன்று தவறினாலும் மேசையில் படுத்திருப்பவருக்கு மூச்சு போய்விடும். அப்புறம் டேபிள், லைட், காட்டரி, அன்றைய கேஸுக்கான செட். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் போட்டு எடுத்த டிரம்மில் இண்டிகேட்டர் டேப் கறுத்திருக்கிறதா என்று பார்க்காமல் திறக்கக் கூடாது.

கேஸ் முடியும்போது மாப் கவுண்ட், அதாவது ரத்தம் ஒற்றுகிற துணிகளை எண்ணுவது. வயிற்றைத் திறந்த கேஸ் என்றால், மூடுவதற்கு முன்னால் கொடுத்த மாப் எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் "சார், கவுண்ட் சரியில்லை, மூடாதீங்க" என்று சொல்லத் தைரியம் வேண்டும். அவர் கத்துவார். கத்தினாலும் மூட விடக் கூடாது. பக்கெட்டைக் கவிழ்த்து, டிரேப்பை உதறி, ரத்தத்தில் ஊறிச் சுருண்ட அந்த ஒரு மாப்பைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் யாரும் நகரக் கூடாது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி சிசேரியன் என்று போன் வந்தால் ஓட வேண்டும். எலும்பு கேஸில் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும்போது கதிரைத் தடுக்கிற லெட் ஏப்ரனைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். முதுகு கேட்கும். பீ மூத்திரம் இல்லை என்று யார் சொன்னது? முதுகில் ஸ்பைனல் மயக்க ஊசி கொடுத்த பேஷன்ட்டை எடுத்துப் போடும்போது எல்லாமும்தான் இருக்கும்.

வார்டு அக்கா

பச்சை அங்கி தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மாப் கவுண்ட் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் குமரி ஒருத்திக்கு வழி சொல்கிறோம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நர்சிங் படித்தவள் தியேட்டருக்குள் வரலாம். சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற ஸ்க்ரப் நர்ஸாக நிற்கலாம், ஐ.சி.யூ. போகலாம், டயாலிசிஸ் போகலாம், பிரசவ வார்டு போகலாம், பிறகு டீச்சிங் போகலாம். டி.ஜி.என்.எம். முடித்தால் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம், அதன்பின் எம்.எஸ்சி. ஓ.டி. டெக்னாலஜி படித்தவர் வார்டில் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. தியேட்டர் பிடிக்காமல் போனாலும், முதுகு விட்டுப்போனாலும், ஊர் மாறி அங்கே பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல் போனாலும் என்ன செய்வார்? பெண் பிள்ளைக்குக் கல்யாணம், இடம் மாறுதல் எல்லாம் வரும். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் இருக்குமா?

பச்சை அங்கி

நியாயம்தான் அக்கா. ஒரே ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். நர்ஸ் தியேட்டருக்குள் வரலாம், சரி. வந்த அன்றைக்கே லேப்ராஸ்கோபி டவரைப் பூட்டத் தெரியுமா? மயக்க வாயு போகிற பெயின் சர்க்யூட் மாட்டத் தெரியுமா? நாலு வருஷம் அதையே படித்த பையனை "டெக்னீஷியன்தானே" என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டு, வார்டிலிருந்து வந்த ஆறாவது நாளில் ஒருத்தரை ஸ்க்ரப் பண்ணச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் ஸ்க்ரப் பெரும்பாலும் நர்ஸ்களுக்குத்தான், டெக்னீஷியன் அனஸ்தீசியா பக்கம். சின்ன ஆஸ்பத்திரியில் எல்லாமே டெக்னீஷியன். தங்கச்சிக்கு இதையும் சொல்லிவைக்க வேண்டும்.

மயக்க மருந்து டாக்டர்

இருவரும் சொல்வதற்கு நடுவில் நிற்பவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு நல்ல டெக்னீஷியன் இருக்கிற நாளும் இல்லாத நாளும் வேறு வேறு நாட்கள். ஒருமுறை கழுத்து குட்டையான, உடல் பருமனான ஒருவருக்கு ட்யூப் போட முயன்றபோது குரல்வளை கண்ணுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து நான் கேட்பதற்கு முன்பே வலது கையில், ட்யூபுக்கு வழிகாட்டுகிற பூஜி வந்து விழுந்தது. அடுத்த சைஸ் குறைந்த ட்யூப் ஏற்கெனவே பிரித்துத் தயாராக இருந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கும் சத்தம் கேட்கும்போது ஒருவர் இப்படி இருப்பது என்ன என்பது, அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பையன் முறையாகப் படித்தவன். படிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற ஒரு பெண்ணுக்கு என்னிடம் கேட்டால், நான் பி.எஸ்சி. நர்சிங்கைத்தான் முதலில் சொல்வேன். காரணம் பதிவு. நர்சிங்குக்கு நூறு வருஷப் பழக்கமுள்ள கவுன்சில் இருக்கிறது. 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. டெக்னாலஜிஸ்டுகளுக்கு 2021-ல்தான் தேசிய அளவில் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ஓ.டி. டெக்னாலஜிஸ்டும் அனஸ்தீசியா டெக்னாலஜிஸ்டும் இருக்கிறார்கள். நல்ல சட்டம், வெகுநாள் தாமதமாக வந்த சட்டம். அந்தப் பதிவு நர்சிங் பதிவைப் போல எல்லா இடத்திலும் கேட்கப்படுகிற ஒன்றாக ஆவதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

இன்னொன்று. தங்கச்சிக்கு மனிதர்களோடு பேசப் பிடிக்குமா, கருவிகளோடு இருக்கப் பிடிக்குமா என்று கேளுங்கள். தியேட்டரில் நோயாளி பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார். அவர் பெயரைக்கூட மறந்துவிடலாம். வார்டில் அவர் விழித்திருப்பார், வலிக்கிறது என்பார், கோபப்படுவார், வீட்டுக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வார். சிலருக்கு இது சுமை, சிலருக்கு இதுதான் சம்பளம்.

திருநெல்வேலி தம்பி

நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே கேள்விதான், ஆனா நான் பையன். ஆம்பளைக்கு நர்சிங் எடுபடுமாண்ணே?

பச்சை அங்கி

எடுபடும் தம்பி, ஆனா வாசல் கொஞ்சம் சின்னது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்விலேயே நூற்றுக்கு எண்பது இடம் பெண்களுக்கு, இருபதுதான் ஆண்களுக்கு. தனியாரில் ஐ.சி.யூ., கேசுவால்ட்டி, கேத் லேப் இங்கெல்லாம் ஆண் நர்ஸைத் தேடி எடுக்கிறார்கள். என்கூடப் படித்த பையன்கள் பலர் ஓ.டி.க்கு வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நீ வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் நர்சிங்கே எடு.

தோஹா தியேட்டர்

வெளிநாடு என்றதால் வருகிறேன். வளைகுடாவில் தியேட்டர் டெக்னீஷியன் வேலை இருக்கிறது. நான் அதில்தான் இருக்கிறேன். முதலில் டேட்டாஃப்ளோ. உங்கள் பட்டம், மதிப்பெண், அனுபவச் சான்று எல்லாவற்றையும் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் படித்தவர் இங்கேயே கவிழ்ந்துவிடுவார். பிறகு புரோமெட்ரிக் தேர்வு, பிறகு லைசென்ஸ்.

ஆனால் ஒரு டெக்னீஷியன் பணியிடம் வரும் இடத்தில் நர்ஸுக்குப் பல பணியிடங்கள் வரும். சவுதியில் பி.எஸ்சி. நர்ஸை ஸ்பெஷலிஸ்ட் என்றும் டிப்ளமா நர்ஸை டெக்னீஷியன் என்றும் தரம் பிரித்துப் பதிவார்கள். அதனால் நர்சிங் என்றாலும் பட்டப்படிப்பாகவே போகட்டும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 அளவு ஜெர்மன் மொழி. இரண்டும் நர்ஸ்களுக்கு இருக்கிற வழிகள். ஏஜென்டுகளிடம் பணத்தைக் கொட்டாமல், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.

ஸ்கார்பரோ மாமி

நான் கனடாவில் ஒன்டாரியோவில் ரெஜிஸ்டர்ட் பிராக்டிகல் நர்ஸ். இங்கே அது இரண்டு வருஷ டிப்ளமா. முடித்ததும் ரெக்ஸ்-பி.என். என்ற தேர்வு, 2022 ஜனவரியிலிருந்து இந்தத் தேர்வுதான். ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், தேர்வும் வேறு, என்க்லெக்ஸ்-ஆர்.என்.

என்னைப் போன்ற நர்ஸை அமெரிக்காவில் எல்.பி.என். என்பார்கள், தியேட்டர் டெக்னீஷியனான சர்ஜிக்கல் டெக் என்பது தனிப் படிப்பு, தனிச் சான்றிதழ். அங்கேயும் பிள்ளைகள் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எல்.பி.என். முடித்தவருக்கு ஆர்.என். ஆகப் பாலப் படிப்புகள் இருக்கின்றன. சர்ஜிக்கல் டெக் நர்ஸாக வேண்டுமானால் பெரும்பாலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் மாறினாலும் கதை இதுதான் பிள்ளை. இங்கே வருகிற எண்ணம் இருந்தால் டிப்ளமாவோடு நிற்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கோ.

இரவுப்பணி

எல்லோரும் நர்சிங் நர்சிங் என்கிறீர்கள். தனியாரில் என்ன நடக்கிறது என்று யாராவது அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

நான் பி.எஸ்சி. நர்சிங். கல்விக் கடன் எடுத்துத் தனியார் கல்லூரியில் படித்தேன். முதல் வேலையில் கிடைத்த சம்பளத்தில் ஹாஸ்டலும் தவணையும் போக மிச்சம் ஒன்றுமில்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் வேலை பார்த்த இடத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது "பரிந்துரைதானே" என்றார்கள். ராத்திரி ஷிப்டில் வார்டு முழுக்க நானும் ஒரு டிரெய்னியும்தான். பன்னிரண்டு மணி மருந்து கொடுத்து முடிக்கும்போது இரண்டு மணி மருந்துக்கு நேரமாகிவிடும்.

அரசு வேலையும் உடனே பூப்பந்தல் இல்லை. எம்.ஆர்.பி.யில் தேர்வாகித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்களே, அதன் பிறகும் எத்தனை போராட்டம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நர்சிங் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்காதே, இவ்வளவுதான் நான் சொல்வது. அரசுக் கல்லூரியில் கிடைத்தால் எடு. இப்போது நார்செட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம். டி.ஜி.என்.எம். என்றால் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். 30 வயதுக்குள் எழுத வேண்டும், வகுப்புவாரித் தளர்வு தனி.

வார்டு அக்கா

இரவுப்பணி தங்கம், நீ சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்கில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. நிரந்தரம் ஆன அன்றைக்கு ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் டூட்டி ரூமில் நாலு பேர் அழுதோம். நீ நார்செட் எழுது. பாஸ் பண்ணுவாய்.

வாழப்பாடிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தங்கச்சியே எல்லாவற்றையும் படித்தாள். இனி அவளே எழுதுகிறாள்.

வணக்கம் அக்கா, அண்ணா, டாக்டர் மேடம். பச்சை அங்கி அண்ணா எழுதிய மாப் கவுண்ட் பகுதியைப் படித்தபோது ஓ.டி.தான் என்று தோன்றியது. அப்புறம் ஆயா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான்தான் அவங்களைத் திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. ஆயா என்னோடு மட்டும்தான் பேசுவாங்க. டாக்டர் மேடம் கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில் என்று நினைக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் அரசுக் கல்லூரி முதல் விருப்பம். அது கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் ஓ.டி. அண்ட் அனஸ்தீசியா எடுக்கலாமா, இல்லை டி.ஜி.என்.எம். எடுக்கலாமா? இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?

மயக்க மருந்து டாக்டர்

அரசுக் கல்லூரி டி.ஜி.என்.எம்.மா, அரசுக் கல்லூரி ஓ.டி. பட்டமா என்றால், ஆயாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு டி.ஜி.என்.எம்.தான். பிறகு போஸ்ட் பேசிக் படித்து நீ பட்டத்துக்கு வந்துவிடலாம்.

பச்சை அங்கி

எனக்கும் அதே பதில்தான் தங்கச்சி. நர்சிங் முடித்துத் தியேட்டருக்கு வா. கவுண்ட் எண்ண ஆள் வேண்டும்.

வார்டு அக்கா

பாப்பா, விண்ணப்ப விவரம். பி.எஸ்சி. நர்சிங்கும் ஓ.டி. அண்ட் அனஸ்தீசியாவும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான ஒரே விண்ணப்பத்தில் வரும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, நீட் கேட்க மாட்டார்கள். கவுன்சலிங்கில் உன் முறை வரும்போது இருக்கிற இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். டி.ஜி.என்.எம்.முக்குத் தனி விண்ணப்பம், மறக்காமல் அதையும் போடு. டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடு. கடைசி வாரத்தில் போனால் தாசில்தார் ஆபீஸில் நின்றே கால் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், கல்லூரியில் சேர்ந்ததும் கேள்.

அண்ணனிடம் சொல், அந்த ஒரு வருஷ இடத்துக்கு இனி போக வேண்டாம். போன் பண்ணினால் "வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாள்" என்று சொல்லி வைத்துவிடட்டும். டி.சி.யும் மார்க் ஷீட்டும் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும், ஜெராக்ஸ் மட்டும் ஆறு காப்பி எடுத்துவை.